ரிவால்வரால் காட்டெருமையை வீழ்த்த முடியுமா?

தம்பி, நீ கேட்டது இரண்டு கேள்வி. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் நீ சமையல் வேலைக்குச் சேரப்போகிற வேட்டைப் பண்ணைக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் ரிவால்வரோடு வந்து ஆப்பிரிக்கக் காட்டெருமை சுடுகிறார்களாமே, அது நடக்கிற காரியமா என்பது ஒன்று. அது நடக்குமென்றால், சாயல்குடியில் உன் மாமா வைத்திருக்கிற லைசன்ஸ் ரிவால்வரால் சோளக்கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியை அடித்தால் என்ன என்பது இன்னொன்று. அலாஸ்காவில் ஒருவர் 9 மி.மீ. பிஸ்டலால் கரடியைக் கொன்ற வீடியோவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாய்.

முதல் கேள்விக்குப் பதில்: நடக்கும். ஆனால் அந்த வேட்டை எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போ. இரண்டாவதற்குப் பதில்: வேண்டவே வேண்டாம். சட்டமும் இடம் கொடுக்காது, அந்த ரிவால்வருக்கும் அதற்கான பலம் கிடையாது. மாமாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மீதியைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

உன் அப்பாவும் நானும் ஒரே யூனிட்டில் இருந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் எனக்கு ஆர்மரர் வேலை. துப்பாக்கியைக் கழற்றுவது, பழுது பார்ப்பது, திரும்பப் பூட்டுவது, அதுதான் சோறு போட்டது. பென்ஷன் வந்தபிறகு மூன்று வருடம் லிம்போபோவில் ஒரு வேட்டைப் பண்ணையில் வண்டி மெக்கானிக்காக இருந்தேன். அங்கே போய் இறங்கிய முதல் நாளே எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் மணல்மேட்டில் குடை விரித்த மாதிரி நிற்குமே உடை மரம், அதே சாயலில் அங்கேயும் முள்மரங்கள். அதே வெக்கை, அதே செம்மண் புழுதி. அந்த முள்ளுக்குள் நிற்கிற மிருகம்தான் வேறு.

முதலில் பலக் கணக்கு. குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றலை ஜூலில் சொல்வார்கள். 9 மி.மீ. பிஸ்டலுக்கு ஏறக்குறைய 500 ஜூல். புகழ்பெற்ற .44 மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்கு 1,300 வாக்கில் (புள்ளி வைத்த எண், குண்டின் பருமன் ஏறக்குறைய எத்தனை அங்குலம் என்று சொல்வது). .454 கசூல் என்றால் 2,400 வாக்கில். 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு 3,500 வரை போகும். கடைசியாகச் சொன்னது உன் அப்பா தோளில் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிளுக்குச் சமம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவில் ஆபத்தான மிருகங்களுக்கு ஆரம்ப அளவாக வைத்திருப்பது .375 எச் அண்ட் எச். 1912இல் வந்த தோட்டா அது, அதன் ஆற்றல் 5,700 ஜூல் போல. தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் தோளில் மாட்டியிருக்கிற .458 ரைபிளுக்கு 6,000க்கு மேல். ஆக, உலகத்தின் பெரிய ரிவால்வர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டாலும், வழிகாட்டியின் ரைபிளில் பாதிதான் தேறும்.

ஆற்றல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பேசினாலும் ஏமாந்துபோவோம். அதிவேக ரைபிள் குண்டு உடம்புக்குள் போகும்போது, அது துளைக்கிற பாதையைச் சுற்றியுள்ள சதையும் விரிந்து கிழிகிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது எதைத் தொட்டு நசுக்குகிறதோ அது மட்டும்தான் சேதம். அதனால் அது இதயத்தையோ, நுரையீரலையோ, மூளையையோ, தண்டுவடத்தையோ நேராகப் போய்த் தொட்டாக வேண்டும். அங்கே போய்ச் சேருகிற அளவுக்கு ஆழமாகவும் இறங்க வேண்டும். அதனால்தான் இந்த வேட்டையில் அனுபவப்பட்டவர்கள் குழிமுனைக் குண்டைத் தொடமாட்டார்கள். மனிதர்களுக்கு எதிரான தற்காப்புக்குச் செய்த குண்டு அது, பட்டவுடன் மலர்ந்து நின்றுவிடும். காட்டெருமைக்கு வேண்டியது ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்துக் கெட்டியாக வார்த்த, முனை தட்டையான, கனமான குண்டு. அது மலராது, வளையாது, எலும்பைத் துளைத்துக்கொண்டு நேர்கோட்டில் போகும். தட்டை முனை எதற்கென்றால், கூர்முனை சதையை விலக்கிக்கொண்டு போய்விடும், தட்டை முனை வெட்டிக்கொண்டு போகும். நம் ஊரில் கடப்பாரைக்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்.

அப்புறம் அந்த மிருகத்தின் உடம்பு. வளர்ந்த ஆண் காட்டெருமை 700, 800 கிலோ வரும். நெற்றியில் இரண்டு கொம்பும் அடியில் ஒன்றுசேர்ந்து கவசம் போட்டது மாதிரி இருக்கும். இதயம் நாம் நினைக்கிறதைவிட மிகத் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேர்மேலே, நெஞ்சின் கீழ் மூன்றிலொரு பங்கில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் உடம்பின் நட்ட நடுவைப் பார்த்துச் சுடுவார்கள், குண்டு உயரப் போய்விடும். முதுகுத்திமிலைப் பார்த்து, தண்டுவடம் அதற்குச் சற்றுக் கீழேதானே என்று நினைப்பார்கள். அந்தத் திமிலுக்குள் இருப்பது தண்டுவடத்திலிருந்து மேலே நீளும் எலும்புமுள்கள்தான். தண்டுவடம் அதற்கும் வெகு கீழே ஓடுகிறது. மேலே பட்ட குண்டு காட்டெருமையைக் கோபப்படுத்தும், அவ்வளவுதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு விருந்தாளி .454 ரிவால்வரோடு வந்திருந்தார். நல்ல மனிதர், பல வருடம் மான்களைக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகியவர். வண்டியை ஓட்டிப்போன நான், தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் கடைசி ஆளாக நடந்தேன். முதலில் தடம் பார்க்கிற ஷாங்கான் இனத்துப் பெரியவர், அடுத்து .458 ரைபிளோடு வழிகாட்டி, அடுத்து விருந்தாளி. காலையிலிருந்து நடந்து, வெயில் ஏறிய நேரத்தில், முப்பது மீட்டருக்குள் ஒரு வயதான ஆண் எருமை நிழலில் நின்றது. முக்காலிக் கம்பை ஊன்றி, ரிவால்வரை அதன்மேல் வைத்து, விருந்தாளி நீண்டநேரம் குறி பார்த்தார். சத்தம் கேட்டதும் எருமை முதுகை வளைத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு முள்ளுக்குள் போய்விட்டது. வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தேன். முதுகை வளைத்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தடம் பார்க்கிற பெரியவர் குனிந்து ஒரு இலையை எடுத்தார். அதில் ரத்தம் இருந்தது, ஆனால் கருஞ்சிவப்பாக, பச்சைச் சாறு கலந்து இருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் நீட்டினார். அதிலிருந்து வந்தது அரைபட்ட புல்லின் வாடை. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது இரைப்பை. அடிபட்ட எருமை அவ்வளவு சீக்கிரம் சாகாது. வந்த தடத்தை ஒட்டியே வளைந்து வந்து முள்ளுக்குள் நின்று, தன்னைத் தேடி வருகிறவனுக்காகக் காத்திருக்கும். முக்கால் மணி நேரம் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். என்னை வண்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

வண்டியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு ரிவால்வர் சத்தம், உடனே ரைபிள், ஒரு மூச்சு விடுகிற இடைவெளியில் மறுபடி ரைபிள். நான் போய்ச் சேர்ந்தபோது எருமை விழுந்து கிடந்த இடத்துக்கும் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவே ஏழு தப்படி. அவருடைய காக்கிச் சட்டைக் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை முள் கிழித்துத் தொங்கியது. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு தீக்குச்சியை மூன்றுமுறை உரசியும் பற்றவில்லை, கை நடுங்கியது. நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். காட்டெருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இருபது மீட்டரைக் கடக்க ஒன்றரை வினாடி போதும். அந்த ஒன்றரை வினாடியில் அவர் கையில் இருந்தது ஒரு குச்சி மட்டும்.

சாயங்காலம் தோலுரிக்கிற கொட்டகையில் நான் கேட்டுக்கொண்டதால் குண்டுகளைத் தேடி எடுத்தார்கள். முதல் குண்டு இரைப்பைக்குள் புல்லோடு புல்லாகக் கிடந்தது. கழுவிப் பார்த்தால் காளான் மாதிரி மலர்ந்து, ஓரம் சுருண்டு, பாதி உயரமாகியிருந்தது. விருந்தாளி ரிவால்வரின் தோட்டா உருளையில் முதலாவதாக அந்த மிருதுவான குண்டைப் போட்டு, மற்ற நான்கையும் கெட்டி வார்ப்பாகப் போட்டிருக்கிறார். முதல் அடி அதிகச் சேதம் செய்யட்டும் என்று நினைத்தாராம். இரண்டாவது குண்டு, எருமை பாய்ந்து வந்தபோது சுட்டது, கெட்டி வார்ப்பு. தோளில் நுழைந்து உடம்பு நெடுக ஓடிப் பின்தொடைத் தோலுக்கடியில் நின்றிருந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். குழலின் வரிகள் அதன்மேல் பதிந்தது அப்படியே இருந்தது, நகத்தால் தடவி எண்ண முடிந்தது. திரும்ப ஒரு தோட்டாவில் செருகிச் சுடலாம் போல இருந்தது. அவ்வளவு ஆழம் போன குண்டும் பாய்ந்து வந்த எருமையை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வை. நிறுத்தியது .458 ரைபிள்தான்.

இப்போது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் இது. ரைபிள் தோளில் ஊன்றுகிறது, கன்னத்தில் ஒட்டுகிறது, இரண்டு கையும் பிடிக்கிறது. ரிவால்வருக்குக் கை மட்டும்தான். குறி பார்க்கக் குழல்மேல் வைத்திருக்கிற முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ரைபிளில் 60 செ.மீ. இருந்தால், நீளமான வேட்டை ரிவால்வரிலும் 25 செ.மீ.தான் தேறும். கணக்குப் போட்டுப் பார். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டரில் ரைபிள் குண்டு 8 செ.மீ. விலகும், ரிவால்வர் குண்டு 20 செ.மீ. விலகும். எருமையின் இதயமும் அதைச் சுற்றியுள்ள இடமும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 20 செ.மீ. விலகினால் தட்டுக்கு வெளியே. காலையிலிருந்து நடந்து மூச்சு வாங்குகிறவன் கையில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை.

அடுத்தது உதை. .500 ரிவால்வர் இரண்டு கிலோ கனம், அப்படியிருந்தும் மணிக்கட்டை முறுக்கி நெற்றிவரை ஏறும். ஒருமுறை அந்த உதை வாங்கியவனின் கை, அடுத்தமுறை விசையை அழுத்துவதற்கு முன்பே அதை எதிர்பார்த்துக் கீழே அமுக்கும், கண் தானாக மூடும். ராணுவத்தில் புதுப் பையன்களுக்கு இதை நான் காட்டுவது வழக்கம். அவனுக்குத் தெரியாமல் நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே வெடிக்காத டிரில் ரவுண்டு ஒன்றைச் செருகிவிடுவேன். விசையை அழுத்துவான், டிக் என்ற சத்தத்தோடு குழல் முனை சடாரென்று கீழே குத்தும். அந்த விருந்தாளியிடமும் மறுநாள் தயக்கத்தோடு இதைச் சொல்லி, வெற்றுத் தோட்டா ஒன்றை உருளையில் போட்டுக் கொடுத்தேன். குழல் இரண்டு விரற்கடை இறங்கியது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் வெற்றுத் தோட்டாவிலேயே பழகினார். அதற்குப் பிறகுதான் மறுபடி காட்டுக்குப் போனார், அதுவும் காட்டுப்பன்றி சுட மட்டும். அவர்மீது எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. .357 மேக்னம் 1935இல் வந்தபோது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸனே அதை எடுத்துக்கொண்டு பெரிய மான்களையும் கிரிஸ்லி கரடியையும் சுட்டு விளம்பரப்படுத்தினார். எல்மர் கீத் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் பல வருடம் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக 1955 கடைசியில் .44 மேக்னம் வந்தது. டிக் கசூல், ஜான் லைன்பா போன்ற துப்பாக்கி செய்கிறவர்கள் இன்னும் பெரிதாகக் கொண்டுபோனார்கள். ஜே.டி. ஜோன்ஸ் என்ற இன்னொருவர் ஒற்றைத் தோட்டாப் பிஸ்டலில் ரைபிளுக்கு நிகரான தோட்டாக்களைப் போட்டு யானைவரை போனார். யானை மூளையைப் பற்றி ஒரு வரி: நாலைந்து கிலோ மூளை, தலை அளவுக்குப் பார்த்தால் சின்னது, இரண்டு காதுத் துளைகளுக்கு நடுவே தாழ்வாகக் கிடக்கிறது. சுற்றிலும் தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. யானை தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ குறி மாறிவிடும். அதைக் கைத்துப்பாக்கியால் சுட்டவர்கள் உண்டு. நான் அதை விரும்பவில்லை, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

ஆனால் பெரிய மிருகத்துக்கென்றே கைத்துப்பாக்கி செய்தது முதலில் யாருக்காகத் தெரியுமா? நம் நாட்டுக்காக. அம்பாரியில் உட்கார்ந்து புலிவேட்டைக்குப் போன வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக, அம்பாரிப் பிஸ்டல் என்றே ஒரு வகை செய்தார்கள். குட்டையாக, இரண்டு குழல் வைத்து, சிலவற்றில் நான்கு குழல்கூட வைத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுழைகிற மாதிரி. அடிபட்ட புலி யானையின் தலைமேலோ பக்கவாட்டிலோ தாவி ஏறிவிட்டால், நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்காது. அந்த நேரத்தில் புலியின் முகத்துக்கு நேரே நீட்டிச் சுடுவதற்கு அது. புலியைத் தேடிச் சுடுவதற்கு அவர்கள் எடுத்துப்போனது ரைபிளைத்தான். கைத்துப்பாக்கி இடுப்பில் இருந்தது, எல்லாம் கைமீறிப் போகிற அந்த ஒரு நொடிக்காக. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அதைச் செய்தவர்கள் அதன் அளவைச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்பது என் கருத்து.

நீ அனுப்பிய அலாஸ்கா விஷயமும் இதுதான். அது 2016இல் நடந்தது, உண்மை. ஆனால் அவர் வேட்டைக்குப் போகவில்லை. மீன்பிடிக்க வந்தவர்களை ஆற்றோரம் அழைத்துப்போன அனுபவசாலி வழிகாட்டி அவர். கரடி திடீரென்று பாய்ந்தபோது, மிக நெருக்கத்தில், கெட்டி வார்ப்புக் குண்டுகளால் அடுத்தடுத்துச் சுட்டு ஆட்களைக் காப்பாற்றினார். ஒரு குண்டில் விழவில்லை. பல வருடம் பெரிய ரைபிளோடு கரடிகள் நடுவிலேயே வாழ்ந்த மனிதர், அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார். அதைப் பார்த்து 9 மி.மீ. போதும் என்று ஒருவன் கரடியைத் தேடிப் போனால், போனவன் பாடு கஷ்டம்.

நாடுகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் கைத்துப்பாக்கி வேட்டைக்கு இடம் உண்டு. பக்கத்து நமீபியாவில் வேட்டைக்குக் கைத்துப்பாக்கியே கூடாது, யானைக்கும் காட்டெருமைக்கும் குறைந்தது 5,400 ஜூல் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கென்யாவில் 1977இலேயே வேட்டையை நிறுத்திவிட்டார்கள். அந்த 5,400 ஜூலையும் மேலே சொன்ன 3,500 ஜூலையும் பக்கத்தில் வைத்துப் பார்.

இன்னொன்றும் அங்கே பொதுவான வழக்கம். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே விருந்தாளி அந்த மிருகத்துக்கு முழுப்பணமும் கட்ட வேண்டும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். சரிதான். ஆனால் அந்தப் பணத்தால் தீராத ஒரு பங்கு இருக்கிறது. அடிபட்ட மிருகத்தின் பின்னால் முள்ளுக்குள் முதலில் நுழைகிறவர் தடம் பார்க்கிறவர். குறி தவறியது வேறொருவர் கை, நடுங்கியது அவருடைய கை. நீ அந்தப் பண்ணையில் சோறு பரிமாறப் போவது விருந்தாளிக்கு மட்டுமில்லை, அந்த ஆளுக்கும்தான். ஆகவே உன்னிடம் யாராவது இதைப் பெருமையாகப் பேசினால், பின்னால் ரைபிளோடு யார் நின்றது, முன்னால் வெறுங்கையோடு யார் நடந்தது என்று மரியாதையாகக் கேள். என்னைக் கேட்டால், கைத்துப்பாக்கியோடு வருகிறவர் முதல் குண்டு சுட்ட மறுநொடியே வழிகாட்டியும் ரைபிளால் சுடலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். கொம்பு யார் கணக்கில் சேர்கிறது என்ற பேச்சுக்காக அந்த ரைபிளை அடக்கிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது: அங்கே திறன் சான்றிதழும் லைசன்ஸும் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், தோட்டாவுக்கும் அப்படியே. மேசையில் கிடக்கிற ஒரு ரவுண்டைக்கூட ஞாபகத்துக்கென்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிடாதே.

இனி சாயல்குடி.

உன் மாமா வைத்திருப்பது .32 ரிவால்வர் என்று எழுதியிருக்கிறாய். நம் நாட்டில் சாதாரணமாகத் தற்காப்பு லைசன்ஸில் கிடைப்பது அதுதான். 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம். அந்த .32இன் ஆற்றல் 200 ஜூலைத் தொடுவதே கஷ்டம். மேலே சொன்ன .500இல் பதினேழில் ஒரு பங்கு. ஆண் காட்டுப்பன்றிக்குத் தோள்பட்டையைச் சுற்றித் தோல் தடித்து, உள்ளே குருத்தெலும்பு மாதிரி கெட்டியான ஒரு கேடயம் இருக்கிறது. மற்ற ஆண் பன்றியின் கோரைப்பல்லிலிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்தது. அந்தக் கேடயத்தில் .32 குண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். பன்றி சாகாது, அடிபட்டுச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதுவும் ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், சோளத்தட்டைக்கு நடுவே. கொல்லைக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்றே தெரியாத இருட்டில் சுடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். யாரோ ராத்திரி நாட்டுத் துப்பாக்கியால் ஒரு பன்றியை அடித்துக் காயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடிந்து, கருவேலங்காட்டில் விறகு வெட்டப்போன ஒரு அக்காவைப் புதரிலிருந்து வந்து தொடையில் கிழித்துவிட்டது. முட்டியிலிருந்து இடுப்புவரை. புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மீன் ஏற்றிப்போகிற வேனில் போட்டு ராமநாதபுரம் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றைக்கும் அந்தக் காலை மடக்கித் தரையில் உட்கார முடியாது. சுட்டது யாரென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. லிம்போபோவில் அந்தப் பெரியவர் தீக்குச்சி உரசுவதைப் பார்த்தபோது எனக்கு அந்த அக்கா முகம்தான் வந்தது.

சட்டத்துக்கு வருவோம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் சேர்த்தி, அதிகாரி அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது. உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. உன் மாமா அதைத்தான் நம்பியிருப்பார். அதே பிரிவைத் தொடர்ந்து படித்தால், அந்த ஆபத்து வந்த நேரத்தில் அவர் இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் இருக்கிறது. ரிவால்வரோடு ராத்திரி பன்றிக்காகக் காத்திருந்தவர், பன்றி பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. தற்காப்பில் செத்த மிருகமும் அரசுக்குத்தான் சொந்தம், கறியாகப் பங்கு போட முடியாது. தற்காப்புக்குக் கொடுத்த லைசன்ஸும் போகும். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிற ஊர், வெடிச்சத்தம் கேட்டால் வனத்துறை விசாரிக்காமல் இருக்காது.

அதற்காகப் பயிரை விட்டுக்கொடு என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால் அரை ஏக்கர் சோளம் படுத்துவிடும், விதைத்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடுவார்கள். ஊராட்சி, வி.ஏ.ஓ., வனத்துறை சேர்ந்த குழு பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரைபிளும் பயிற்சியும் இருக்கிறவர்கள், காயப்பட்டால் தேடிப்போக வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கே.

மாமாவை இப்படிச் செய்யச் சொல். சேதமான கொல்லையைக் காலையிலேயே, குளம்புத் தடம் கலைவதற்கு முன்னால், நாலு பக்கமும் போட்டோ எடுக்கட்டும். சர்வே எண், என்ன பயிர், எத்தனை சென்ட் போயிற்று, எந்தத் தேதி என்று மனுவில் எழுதட்டும். தனியாகப் போகாமல், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வனச்சரக அலுவலகத்திலும் வி.ஏ.ஓ.விடமும் ஒரே நாளில் கொடுத்து ரசீது வாங்கட்டும், நஷ்ட ஈட்டுக்கும் அதே மனுதான் ஆதாரம். கொல்லையை ஒட்டி நிற்கிற கருவேலத்தை இருபது முப்பது மீட்டருக்கு வெட்டி வெளியாக்கினால் பன்றி தயங்கும், அதற்குப் பகலில் படுக்க இடமே அதுதான். கம்பி வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது, அதில் ஆட்களே செத்திருக்கிறார்கள். ரிவால்வர் பீரோவிலேயே இருக்கட்டும். மனு எழுத உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல், நான் வீட்டில்தான் இருப்பேன், பட்டா நகலை மறக்காமல் எடுத்து வரட்டும்.